ரேஞ்ச் குறைந்தால் வாரன்டி கிடைக்குமா?

கேள்வி: என் எலெக்ட்ரிக் காருக்கு மூன்று வயது. பேட்டரி 30 யூனிட். முழு சார்ஜில் 250 கி.மீ. காட்டிக்கொண்டிருந்தது, இப்போது 215தான். 8 வருட வாரன்டியில் பேட்டரியை மாற்றித் தருவார்களா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்த அளவுக்கு மாற்ற மாட்டார்கள். பெரும்பாலான கார்களுக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை வாரன்டி. பேட்டரிக்குள் இருக்கும் செல்லோ, செல்களின் தொகுப்பான மாட்யூலோ பழுதானால் அதில் வரும். கொள்ளளவு தேய்ந்ததற்குக் கேட்க வேண்டுமென்றால், பல கம்பெனிகளில் அது 70 சதவீதத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும். உங்கள் வாரன்டி புத்தகத்தில் இந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டேஷ்போர்டு காட்டும் 215-ஐ நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள். கடைசியாக நீங்கள் ஓட்டிய விதம், ஏசி, வேகம் எல்லாவற்றையும் வைத்து அது போடும் மதிப்பீடு அது. நீங்களே சோதிக்கலாம். 100 சதவீதம் சார்ஜ் செய்து, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 20 சதவீதம் வரை ஓட்டுங்கள். 180 கி.மீ. ஓடி, சராசரிச் செலவு கி.மீ.க்கு 120 வாட் அவர் (1,000 வாட் அவர் ஒரு யூனிட்) என்றால் 21.6 யூனிட் செலவு. அது 80 சதவீதம். முழுசுக்கு 27 யூனிட். அதாவது சுமார் 90 சதவீதம் மிச்சம். மூன்று வருடத்துக்கு இது சகஜம். முதல் ஓரிரு வருடத்தில் சற்று வேகமாகத் தேய்ந்து, பிறகு நிதானப்படும். கணக்கு 75-ஐ ஒட்டி வந்தால் சர்வீஸ் சென்டரில் எஸ்.ஓ.எச். (பேட்டரியில் எத்தனை சதவீதத் திறன் மிச்சம் என்ற) அளவை எடுத்து, எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்ச்சொல் பின்னால் உதவாது.

கேள்வி: 80 சதவீதத்தோடு நிறுத்து என்கிறார் ஒருவர், 100 ஏற்று என்கிறார் இன்னொருவர். எது சரி?
– வாசகி, கரூர்

பதில்: இரண்டு பேருடைய பேட்டரியும் வேறாக இருக்கும். என்.எம்.சி. (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) வகையென்றால் தினசரி ஓட்டத்துக்கு 80 போதும். வெளியூர்ப் பயணத்துக்கு முன் மட்டும் 100. எல்.எஃப்.பி. (லித்தியம்-இரும்பு-பாஸ்பேட்) வகையில் சார்ஜ் ஏற ஏற வோல்டேஜ் அதிகம் மாறாது. அதனால் எவ்வளவு மிச்சம் என்பதில் காரின் கணிப்பு மெல்லப் பிசகும். 15 சதவீதம் காட்டும்போதே திடீரென்று சரியலாம். வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகும். இரண்டு வகைக்கும் பகை, முழு சார்ஜோடு நாள்கணக்கில் வெயிலில் நிற்பதுதான்.

கேள்வி: இரண்டு மாதம் வெளிநாடு போகிறோம். காரை எப்படி விட்டுப் போவது?
– வாசகர், சென்னை

பதில்: 50 சதவீதத்தில், நிழலில். பெரிய பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. திரும்பி வரும்போது படுத்திருப்பது 12 வோல்ட் சின்ன பேட்டரிதான். அது செத்தால் காரின் கதவே திறக்காமல் போகலாம், சாவியை நம்பகமானவரிடம் கொடுத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம், ஓட்டத் தயாரான நிலையில் ஆன் செய்து வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலமென்றால் தாழ்வான பார்க்கிங் வேண்டாம். வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரி பொதுவாக வாரன்டியில் வராது; அது இன்ஷூரன்ஸ் கணக்கு.