சொந்தப் பட்டிச் சேவலால் குறையும் குஞ்சு பொரிப்பு

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் சிறுவிடைக் கோழி (சிறிய உடல் கொண்ட நாட்டுக்கோழி) வளர்க்கிறேன். 12 பெட்டைகளுக்கு ஒரு சேவல். அதுவும் எங்கள் பட்டியில் பிறந்ததே. முன்பெல்லாம் 12 முட்டை அடை வைத்தால் 10 குஞ்சு பொரிக்கும். இப்போது ஆறைத் தாண்டுவதில்லை. விரல் வளைந்த குஞ்சுகளும் வருகின்றன. வனராஜா என்ற கலப்பினச் சேவலை விட்டால் சரியாகும் என்கிறார் வியாபாரி. விடலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குத் தேவை வேறு ஊர்ச் சிறுவிடைச் சேவல்தான்.

முதலில் ஒரு சோதனை. அடை வைத்த ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். சிலந்திக்கால் போல ரத்த நாளங்கள் தெரிந்தால் கரு வளர்கிறது. வெறுமையாகத் தெரிந்தால் கரு கூடவில்லை; சேவலுக்கு வயதாகியிருக்கலாம். 21 நாள் கடந்தும் பொரிக்காதவற்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே பாதியில் நின்றுபோன குஞ்சுகள் அதிகம் இருந்தால், வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்த முட்டையா, அடைக்கோழிக்குப் பேன் தொல்லையா என்று கவனியுங்கள். அவையெல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு முறை அடை வைக்கும்போதும் இப்படியே நடந்தால், உள்ளினச் சேர்க்கைதான் (நெருங்கிய உறவுக்குள் இனம் சேர்வது) காரணம் என்று கொள்ளலாம். விரல் வளைவு சத்துக்குறைவாலும் வரும். ஆனால் கீரையும் புழுவும் மேய்கிற கோழிகளில் அது அபூர்வம்.

உங்கள் சேவல் பெட்டைகளுக்கு அண்ணனாகவோ தகப்பனாகவோ இருக்கிறது. ஒரு சேவல், 12 பெட்டை என்ற கணக்கில் பட்டியை மூடியே வைத்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் உள்ளினச் சேர்க்கை ஏறக்குறைய 13 சதவீதம் கூடும். மூன்று சேவல் வைத்தாலே அது 5 சதவீதமாக இறங்கிவிடும். பெட்டைகளை எத்தனை கூட்டினாலும் இந்தப் பலன் கிடைக்காது. நல்ல சேவல்களைத்தான் தீபாவளிக்கு முதலில் விற்றுவிடுகிறோம். மிஞ்சிய ஒன்று பட்டிக்குத் தகப்பனாகிறது. இந்த வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜா, தனியாக வளர்த்தால் நல்ல கோழிதான். வேகமாக எடை ஏறும், முட்டையும் கூடுதல். ஆனால் அது அடை காக்காது. அதன் சேவலை விட்டால் முதல் தலைமுறை பெரிதாகவும் துடிப்பாகவும் வந்து உங்களை மயக்கும். அடுத்த தலைமுறையிலிருந்து நிறம், எடை, குணம் எல்லாம் சிதறும். அடையில் உட்கார்ந்து, பருந்தைக் கண்டதும் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுக்கும் தாய்க்குணமும் மங்கிப்போகும். பக்கத்து வீட்டுப் பெட்டைகளுக்கும் அந்தக் கலப்பு பரவும். தெருவுக்கு ஒரு சேவல் இப்படி மாறினால், சில ஆண்டுகளில் அந்த ஊரில் தூய சிறுவிடையைத் தேடத்தான் வேண்டும்.

ஆகவே நான்கைந்து ஊர் தள்ளி, உறவில்லாத இரண்டு பட்டிகளிலிருந்து மூன்று சேவல்களை வாங்குங்கள். சந்தையில் வாங்காதீர்கள், வம்சமும் தெரியாது, வெள்ளைக்கழிச்சல் நோயும் கூடவே வரும். எல்லாம் ஒரே நிறமாக இருக்கவேண்டும் என்று பார்க்காதீர்கள். செவலை, கீரி, காகம் என்று கலந்திருக்கட்டும். கழுத்து மொட்டை கிடைத்தால் விடாதீர்கள். இறகு குறைவாக இருப்பதால் கோடையை நன்றாகத் தாங்கும். சேவல்கள் சண்டையிடும் என்பதால் பெட்டைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அடைப்பு கொடுங்கள். குஞ்சுகளின் கால்களில் தகப்பனுக்கு ஒரு நிற வளையம் போட்டு, அடுத்த ஆண்டு முதல் அடைப்பின் இளஞ்சேவலை இரண்டாவதற்கும், இரண்டாவதன் சேவலை மூன்றாவதற்கும், மூன்றாவதன் சேவலை முதலாவதற்கும் மாற்றுங்கள். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து இதையே தங்கள் பட்டிகளுக்குள் செய்தால் இன்னும் நல்லது.

வந்த சேவலை மூன்று வாரம் தனியே வையுங்கள். பழைய சேவலை அகற்றியபின் மூன்று வாரம் இடும் முட்டைகளை அடை வைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டையின் உடலில் பழைய விந்து இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். புதுக் குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சலைத் தடுக்க ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்தும், எட்டாவது வாரம் தடுப்பூசியும் தவறாமல் போடுங்கள்.