சாப்பிட்டதும் வாந்தி எடுக்கும் மகள்: அல்சர் மாத்திரை போதுமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். ஆறேழு மாதமாகக் காலையில் சாப்பிடுவதே இல்லை, மதிய டிபன் பாக்ஸும் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. ஆனால் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மீந்த சோறு, பிஸ்கட் என்று கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுக்கிறாள். எடை குறையவில்லை, கன்னம்தான் உப்பியிருக்கிறது. அல்சர் என்று மாத்திரை கொடுத்துப் பார்த்தோம். திட்டினால் அழுகிறாள். என்ன செய்வது டாக்டர்?

பதில்: அம்மா, முதல் வேலையாக இந்த வாரமே அவளுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் அளவையும் ஒரு ஈசிஜியும் பார்த்துவிடுங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் இறங்கும், அது இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பார்க்க நன்றாக இருக்கிற பிள்ளைக்கும் இது நடக்கும். மயக்கம், படபடப்பு, கைகால் தளர்ச்சி, வாந்தியில் ரத்தம், செத்துப்போகலாம் என்ற பேச்சு, இதில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

நீங்கள் சொல்வது புலிமியா மாதிரி இருக்கிறது, அதாவது அடக்க முடியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, எடை ஏறிவிடுமோ என்று வாந்தி எடுக்கிற உணவுக் கோளாறு, நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். 1979-ல் லண்டனில் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் விவரித்துப் பெயர் வைத்த நோய் இது. எடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதனால்தான் அல்சர், கேஸ் என்று மாதக்கணக்கில் ஓடிவிடுகிறது. கன்னம் உப்பியிருப்பது உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குவதால் இருக்கலாம். வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள், அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்துபோகும். தண்ணீரில் துளி ஆப்ப சோடா போட்டுக் கொப்பளித்தால் போதும்.

ராத்திரிச் சாப்பாட்டை நீங்கள் வாய்க்கு அடக்கம் இல்லை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அங்கே பகல் முழுக்க அவள் கிடந்த பட்டினிதான் தெரிகிறது. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் திடகாத்திரமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், மனச்சோர்வு, சிலர் சமையல் குறிப்புகளைக்கூடச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். மறுபடி இஷ்டம்போல் சாப்பிட விட்டபோது வயிறு முட்டத் தின்றும் அடங்காத பசி சிலருக்கு. உங்கள் மகளும் பகலில் பட்டினி கிடந்து, ராத்திரி அடக்க முடியாமல் சாப்பிட்டு, குற்ற உணர்ச்சியில் வாந்தி எடுத்து, மறுநாள் அதை ஈடுகட்ட இன்னும் குறைக்கிறாள். அதில் திட்டும் சேர்ந்தால் ஒளித்துச் செய்வதுதான் கூடும்.

அதனால் சிகிச்சையும் சாப்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு. முந்தின ராத்திரி என்ன நடந்திருந்தாலும் காலை இட்லியை நிறுத்தக் கூடாது. இதோடு இந்த நோய்க்கென்றே வடிவமைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றும் சிகிச்சை இருக்கிறது, ஏறக்குறைய 20 அமர்வுகள். இவள் வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது குடும்பத்தையும் உட்காரவைத்துச் செய்யும் சிகிச்சை. அதில் உங்களைக் குற்றவாளியாக நிறுத்த மாட்டார்கள், துணையாகத்தான் சேர்த்துக்கொள்வார்கள். ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை இந்த நோயில் பெரியவர்களுக்கு உதவுகிறது, ஆனால் 18 வயதுக்குள் உள்ளவர்களுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை அதற்கு உண்டு, மனநல மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் மெடிக்கலில் வாங்கவே வாங்காதீர்கள். பேதி மாத்திரை ஏதாவது போடுகிறாளா என்றும் மெதுவாகக் கேளுங்கள், அதில் போவது தண்ணீரும் உப்பும்தான், கொழுப்பு இல்லை.

வீட்டில் எடை மெஷினை எடுத்துவிடுங்கள். ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுங்கள், சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் அவளோடு இருங்கள், டிவி பார்க்கலாம், சீட்டு விளையாடலாம், பாத்ரூமைப் பூட்டுவது மட்டும் வேண்டாம். விசேஷ வீட்டில் யாராவது "என்ன, ஒரு சுத்து பெருத்துட்டே" என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள், அவளுக்காக அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காட்டலாம். போவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமானால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். டாக்டர் அறைக்குள் முதல் பத்து நிமிடம் அவளைத் தனியாகப் பேச விடுங்கள். எத்தனை நாளாக, எத்தனை தடவை என்பதை உங்கள் எதிரில் அவளால் சொல்ல முடியாது.