வெயில் தாக்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள்: கேள்வி பதில்

அரசு மருத்துவமனையில் பொது மருத்துவ வார்டு டாக்டராக 20 கத்திரி வெயிலைப் பார்த்துவிட்டேன். ஹீட் ஸ்ட்ரோக் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் ஆளின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் சொல்வது இது. கட்டிலருகே நிற்கும் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

வேலூரிலிருந்து ஒரு மருமகள்: மாமனாருக்கு 68 வயது. வயலில் மயங்கி விழுந்தார். உடம்புச் சூடு முதல் நாளே இறங்கிவிட்டது, பேசுகிறார். ஆனாலும் ஐசியுவை விட்டு அனுப்பமாட்டேன் என்கிறார்கள். பில் ஏற்றும் வேலையா இது?

இல்லைம்மா, இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் நியாயம். சூடு இறங்கினாலும், அந்தச் சூட்டில் வெந்த செல்களின் கணக்கு மெதுவாகத்தான் வெளியே வரும். கல்லீரல் அடி வாங்கினால் ரத்தத்தில் ஏறும் கல்லீரல் என்சைம்கள் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் உச்சிக்குப் போகும். முதல் நாள் ரிப்போர்ட் நார்மலாக இருந்து, மூன்றாம் நாள் ஆயிரங்களில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் அதே நேரத்தில்தான் சரியும், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காது. சதை சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொள்வது இன்னொரு தொல்லை. யூரின் பையை நீங்களே பாருங்கள். கட்டங்காப்பி நிறத்தில் வந்தாலோ, அளவு குறைந்தாலோ சிஸ்டரிடம் உடனே சொல்லுங்கள். தினமும் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) எவ்வளவு என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அது ஏறாமல் இருந்தாலே பாதிக் கண்டம் தாண்டிய மாதிரி.

ஸ்ட்ரோக் என்கிறார்களே, கை கால் விழுந்துவிடுமா?

பெயரால் வரும் குழப்பம் இது. பக்கவாதம் மூளை ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ வருவது. இது வேறு. உடம்பின் உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, கூடவே புத்தி தடுமாறினால் அதுதான் ஹீட் ஸ்ட்ரோக். பத்திரிகைகளில் வெப்பவாதம் என்று எழுதுகிறார்கள்.

அண்ணனுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வேர்த்தால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை என்று படித்திருக்கிறேனே?

வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் முதியவருக்குத் தோல் காய்ந்துபோய்த்தான் இருக்கும். வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுகிற இளவட்டத்துக்கு அப்படியில்லை, சட்டையைப் பிழியலாம். வேர்வையைப் பார்க்காதீர்கள், புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டட மேஸ்திரி ஒருவர்: ஆஸ்பத்திரியில் அப்படி என்னதான் செய்வீர்கள்? பாராசிட்டமால் கொடுத்துத் தண்ணீர் தெளிப்பதை நாங்களே செய்துவிடுகிறோமே?

தண்ணீர் சரி, மாத்திரை வேண்டாம். காய்ச்சலில் சூட்டை ஏற்றிவிடுவது மூளை. பாராசிட்டமால் மூளையைச் சமாதானப்படுத்தும். இங்கே மூளை எதையும் ஏற்றவில்லை, சூட்டை வெளியே தள்ளும் வழிதான் திணறிப் போயிருக்கிறது. மாத்திரையால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஏற்கெனவே அடி வாங்கிய கல்லீரலுக்குக் கூடுதல் சுமை வேறு.

என்ன செய்வோம் என்றால், ஒரு மதியத்தைச் சொல்கிறேன். சென்ட்ரிங் வேலை பார்க்கிறவர், 34 வயது. ஷேர் ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். கையை உதறுகிறார், எல்லாரையும் திட்டுகிறார். கூட வந்தவர், “குடிச்சிருக்கான் சார்” என்றார். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 38.9 காட்டியது. ஆசனவாயில் வைத்தால் 41.6! (அக்குளை மட்டும் பார்த்துச் சாதாரணக் காய்ச்சல் என்று முடிவு கட்டுவது எங்கள் ஆட்களே செய்கிற தப்பு.) ஐஸ் தொட்டியெல்லாம் எங்களிடம் கிடையாது. சட்டையைக் கத்தரித்து எடுத்துவிட்டு, ரப்பர் ஷீட்டில் அவரைக் கிடத்தி, நாலு பேர் நாலு மூலையையும் தூக்கிப் பிடித்தோம். அதுதான் தொட்டி. எதிரில் இருந்த ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வந்தது. குடம் குடமாகத் தண்ணீர். ஓபி சீட்டு கொடுக்கிற இடத்து ஸ்டாண்டு ஃபேனையும் பிடுங்கிக்கொண்டு வந்தோம். வார்டே குளமாகி, துப்புரவு அம்மா என்னை முறைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. 25 நிமிடத்தில் 39-க்கு வந்தது, அங்கேயே நிறுத்தினோம். அதற்கு மேல் குளிரவைத்தால் உடம்பு தானாகவே ரொம்பக் கீழே போய்விடும். ஆறாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

மேஸ்திரி, உங்கள் ஆளுக்கு நடந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். சிமென்ட் குழைக்க வைத்திருக்கும் டிரம் தண்ணீர் போதும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

அப்பா பிழைத்துவிட்டார், நாளை டிஸ்சார்ஜ். இனி பழையபடி ஆகிவிடுவாரா?

எவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தார் என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. ஏன் என்று இரண்டு ஊர்க் கதை சொன்னால் புரியும்.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் கடும் வெப்ப அலை. வழக்கத்தைவிட 700 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். அப்போது ஹீட் ஸ்ட்ரோக்கோடு ஐசியுவில் சேர்ந்த 58 பேரை டாக்டர்கள் ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே 12 பேர் போய்விட்டார்கள். பிழைத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு வீடு திரும்பும்போதே தன் வேலையைத் தானே செய்ய முடியாத நிலை. ஒரு வருடம் முடிவதற்குள் இன்னும் 16 பேர் இறந்தார்கள். மற்றவர்களிலும் டிஸ்சார்ஜ் ஆனபோது இருந்ததைவிட யாரும் தேறியிருக்கவில்லை.

அதே நாட்டில் ஃபால்மவுத் என்று ஒரு கடலோர ஊர். ஆகஸ்ட் வெயிலில் ஏழு மைல் ஓட்டப்பந்தயம் நடக்கும். 18 வருடப் பந்தயங்களில் 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்தது. ஒருவர்கூடச் சாகவில்லை. பந்தயம் முடிகிற இடத்திலேயே ஐஸ் தொட்டி வைத்திருந்தார்கள், விழுந்த சில நிமிடங்களில் உள்ளே இறக்கிவிடுவார்கள். அவர்கள் தினமும் ஓடுகிற ஆரோக்கியசாலிகள், சிகாகோக்காரர்களில் பெரும்பாலோர் வேறு நோயும் உள்ள முதியவர்கள், அதனால் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியில்லைதான். ஆனாலும் நேரத்தின் அருமை இதில் தெரிகிறது. மணிக்கணக்கில் சூட்டில் கிடந்த உடம்பு வேறு, அரை மணிக்குள் குளிர்ந்த உடம்பு வேறு.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பீரோவில் பூட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு வாரத்தில் ஒரு தடவை, ஒரு மாதத்தில் ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். சுகர், பிரஷர் மாத்திரையை எப்போது, எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்று எழுதியே வாங்குங்கள்.

தம்பி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. குடிகாரன் மாதிரி தள்ளாடுகிறான், பேச்சும் இழுக்கிறது.

நடையையும் பேச்சையும் சீராக வைக்கும் சிறுமூளை சூட்டில் பாதிக்கப்பட்டிருக்கலாம். மூளையில் சூட்டை முதலில் தாங்காமல் போகும் பகுதி அது. நரம்பு டாக்டரிடம் காட்டி, பிசியோதெரபியை இப்போதே தொடங்குங்கள். பலருக்கு வாரக்கணக்கில் தேறும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துவிடும். தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். ரிப்போர்ட்டெல்லாம் நார்மலாகி, டாக்டர் சரி சொல்லும்வரை வெயிலில் வேலைக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினாலும் முதல் வாரம் காலை வேளை மட்டும்.

அம்மா இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வார்டில் இருக்கிறார். வார்டு மொட்டை மாடிக்குக் கீழே, அனல் அடிக்கிறது. நேற்று சூடு ஏறிக் குளறினார். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இது வருமா?

வரும். யாரும் அதிகம் பேசாத விஷயம் இது. படுத்த படுக்கையாக இருப்பவர், எழுந்து தண்ணீர் எடுக்க முடியாதவர், யூரின் போக வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர், மனநோய் மாத்திரை சாப்பிடுபவர் (அவற்றில் சில வேர்வையையே அடக்கிவிடும்) எல்லாரும் வார்டில்தான் இருக்கிறார்கள்.

அகமதாபாத்தில் 2010 மே மாதம் 46.8 டிகிரி வரை போனது. அந்த மாதம் மட்டும் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அங்கே ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்மாடியில் இருந்தது. பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் சூடு தாங்காமல் ஐசியுவுக்கு வந்துகொண்டே இருந்தன. பிறகு கணக்குப் பார்த்தால், 42 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் இப்படி வரும் குழந்தைகள் 43 சதவீதம் கூடியிருந்தார்கள். வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள், எண்ணிக்கை குறைந்தது. புது மருந்து, மெஷின் எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் அம்மாவுக்கு முதலில் புண்ணிலோ யூரினிலோ நெஞ்சிலோ கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்தவருக்குச் சூடு ஏறினால் வெயில்மேல் பழி போடக்கூடாது. அது இல்லை என்றால் கீழ் வார்டில் கட்டில் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேனைத் திருப்பி வையுங்கள். ஃபேன் மட்டும் போதாது, அனலடிக்கிற அறையில் அது அனலைத்தான் வீசும்.

டயாலிசிஸ் செய்துகொள்கிற மாமாவுக்கு வெயிலுக்கு இளநீர் கொடுக்கலாமா?

வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம், இதயத்துடிப்பையே நிறுத்திவிடும். ஓஆர்எஸ்ஸும் டாக்டரைக் கேட்காமல் கூடாது.

தஞ்சாவூரிலிருந்து: சித்தப்பா களத்தில் விழுந்து, ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அரசு உதவி உண்டு என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆனால் இறப்புக்குக் காரணம் வெப்பம்தான் என்று மருத்துவச் சான்று இல்லாமல் மனு நகராது. கேஸ் ஷீட் நகலை வாங்கி, வந்து சேர்ந்த நேரத்து உடல் சூடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் வெறுமனே ‘மாரடைப்பு’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அப்படி இருந்தால் சிகிச்சை கொடுத்த டாக்டரையே நேரில் பார்த்துப் பேசுங்கள். 108-இல் வந்திருந்தால் அவர்கள் எழுதிய சீட்டிலும் சூட்டின் அளவு இருக்கலாம், அதையும் கேட்டு வாங்குங்கள்.