சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படை நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ சொல்லித்தர, அதன் உச்சச் சான்றிதழான சிசிஐஈ முடித்திருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் நடத்தும் பாடத்துக்கு ஒரு படி மேலே, இரண்டுக்கும் இடைப்பட்ட சிசிஎன்பி அளவுக்காவது கைப்பழக்கம் கண்டிப்பாக வேண்டும். சிசிஐஈ-யின் 8 மணி நேர லேப் தேர்வு பெரிய நெட்வொர்க்கை வடிவமைத்துப் பழுதுபார்க்கும் திறனைத்தான் சோதிக்கிறது. புதியவருக்கு சப்நெட்டிங் (ஒரு நெட்வொர்க்கைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) புரியவைக்கும் திறனை அல்ல. சிஸ்கோவே தன் அங்கீகாரப் பயிற்றுநர்களுக்கு சிசிஎஸ்ஐ என்று தனித் தகுதி வைத்திருக்கிறது.

அந்த ஒரு படி ஏன் வேண்டும்? லேபில் இரண்டு ரௌட்டர்களுக்கிடையே பிங் (சோதனைப் பாக்கெட்) போகிறது, ஆனால் ரௌட்டர்கள் வழித்தகவலைப் பகிர உதவும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை, பரிமாற்றம் தொடங்கும் 'எக்ஸ்ஸ்டார்ட்' நிலையிலேயே நிற்கிறது என்று வையுங்கள். பாடத்தை மட்டும் படித்தவர் ஓஎஸ்பிஎஃப் அமைப்புகளான ஏரியா எண், ஹலோ டைமர் என்று தேடி நேரத்தை வீணாக்குவார். அவை பொருந்தாவிட்டால் இந்த நிலைக்கே வந்திருக்காது. பெரும்பாலும் எம்டியூ (ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச பைட் அளவு) வேறுபாடுதான் காரணம்: ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 1400. சிஸ்கோ ரௌட்டரில் பிங் இயல்பாக 100 பைட் என்பதால் தாராளமாகப் போய்விடும். ஓஎஸ்பிஎஃப் தன் தகவல் பட்டியலை அனுப்பும் டிபிடி பாக்கெட்டில் எம்டியூ அளவும் எழுதப்பட்டிருக்கும். தன்னுடையதைவிடப் பெரிய அளவைக் கண்டதும் 1400 பக்கம் அதை ஏற்காது. 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ்' கொடுத்து இரு பக்கமும் ஒப்பிட்டு, எம்டியூவைச் சமமாக்க வேண்டும். எம்டியூவைச் சரிபார்க்காதே என்னும் 'எம்டியூ-இக்னோர்' கட்டளை போட்டால் நெய்பர் (அண்டை ரௌட்டர்) உறவு உருவாகிவிடும், கோளாறு உள்ளேயே இருக்கும். மாணவரிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தவரே நல்ல பயிற்றுநர்.

சேருமுன் ஒரு டெமோ வகுப்பு கேளுங்கள். 192.168.10.0/24-ஐ /26 நெட்வொர்க்குகளாகப் பலகையில் பிரிக்கச் சொல்லுங்கள். நெட்வொர்க்குக்கு 62 ஹோஸ்ட் (கருவிகளுக்குத் தரக்கூடிய முகவரி) என்று விடை வந்தால் மட்டும் போதாது, மொத்தம் 64-இல் கழித்த இரண்டு முகவரிகள் எவை, ஏன் என்பதையும் அவர் விளக்க வேண்டும்.