வீட்டு நெட்டுக்கு ஸ்டாட்டிக் ஐபி: காசு கொடுத்து எடுக்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, ஸ்டாட்டிக் ஐபி எடுத்தால் நெட் வேகமாகுமா?

ஆகாது. ஸ்டாட்டிக் ஐபி என்பது உங்கள் இணைப்புக்குத் தரும் மாறாத முகவரி எண், அவ்வளவுதான். வேகம் உங்கள் பக்கேஜில்தான் இருக்கிறது. யூடியூப், ஸூம், வாட்ஸ்அப் மட்டும்தான் என்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: வீட்டுக் கமெராவைப் புறக்கோட்டைக் கடையிலிருந்து பார்க்கவேண்டும். ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல் எண்) திறந்தும் சரிவரவில்லை.

முதலில் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) ஐபியை, அதாவது நெட் நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த எண்ணைப் பாருங்கள். பிறகு கூகுளில் உங்கள் ஐபி என்னவென்று பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அல்லது ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் (CGNAT, பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி) பின்னால் இருக்கிறீர்கள்.

ஐபிவி4 (பழைய, இன்னும் புழங்கும் ஐபி வகை) முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள், 4ஜி ரவுட்டர்களில் இது சர்வசாதாரணம். வாசலில் ஒரே காவலாளி நிற்கும் மாடிக்கட்டடம் மாதிரி: உள்ளேயிருந்து யாரும் வெளியே போகலாம், வெளியிலிருந்து வருபவர் எந்த வீட்டுக்கு என்று அவருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். பொது ஸ்டாட்டிக் ஐபி எடுத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

ஆனால் கமெராப் பெட்டியை நேரடியாக வெளியே திறந்து வைக்காதீர்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் பிடித்தது பெரும்பாலும் கடவுச்சொல் மாற்றாத கமெராக்களையும் டிவிஆர் பதிவுப் பெட்டிகளையும்தான். ரவுட்டரில் வயர்கார்ட் (வீட்டு நெட்டுக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் விபிஎன்) போட்டு, அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறங்கள். உண்மையைச் சொன்னால், கமெராவோடு வரும் ஆப்பே பலருக்குப் போதும்.

தெகிவளையிலிருந்து: வீட்டிலிருந்தே ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்கிறேன். மாறாத ஐபி கேட்கிறார்கள்.

தங்கச்சி, யோசிக்காமல் எடுங்கள். அவர்களுடைய ஃபயர்வோலில் (தெரியாதவர்களைத் தடுக்கும் காவல்) உங்கள் எண்ணைப் பதிந்து வைப்பார்கள். மாறும் ஐபியென்றால் கரண்ட் போய் ரவுட்டர் மறுபடி எழும்பும்போது எண் மாறலாம். அப்புறம் அங்கே யாராவது கண்விழிக்கும்வரை சர்வருக்குள் நுழைய முடியாது. மாற்று வழி, சிறிய விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் வாடகை சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து அதன் வழியாகப் போவது. சிங்கப்பூரில் எடுத்தால் நீங்கள் சிங்கப்பூரில் இருப்பதாகத்தான் தெரியும், கம்பனியிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

வத்தளையிலிருந்து: டைனமிக் டிஎன்எஸ் இலவசம்தானே, பிறகு எதற்குக் காசு?

நல்ல கேள்வி. டைனமிக் டிஎன்எஸ் என்பது மாறும் ஐபியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் சேவை. மாறினாலும் பொது ஐபி கிடைக்கிறதென்றால் அது போதும், எண் மாறியதும் சில நிமிடம் தொடர்பு அறும், அவ்வளவுதான். சிஜிநாட்டுக்குப் பின்னால் பயனில்லை. அங்கே டெயில்ஸ்கேல், கிளவுட்ஃப்ளேர் டனல் போன்ற இணைப்புச் சேவைகள் வேலை செய்யும், ஏனென்றால் வீட்டுப் பக்கமிருந்தே தொடர்பு தொடங்குகிறது.

பம்பலப்பிட்டியிலிருந்து: வீட்டில் சொந்த மெயில் சர்வர் வைக்கலாமா?

வேண்டாம். மெயில் போகும் 25ஆம் போர்ட்டைப் பல நெட் நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கும், ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸையும் (ஐபி எண்ணுக்கு உரிய பெயரைக் காட்டும் பதிவு) அவர்கள்தான் போட்டுத் தரவேண்டும்.

கிருலப்பனையிலிருந்து: எடுக்கும் முன் என்ன கேட்கவேண்டும்?

பொது ஐபிவி4தானா, உள்வரும் போர்ட் எதையாவது அடைக்கிறார்களா, வரியோடு மாதம் எவ்வளவு, வியாபாரப் பக்கேஜுக்கு மாறச் சொல்வார்களா. கரண்ட் போனால் ஸ்டாட்டிக் ஐபியும் தூங்கும். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மினி யூபிஎஸ் போடுங்கள், இரண்டின் அடாப்டரும் எத்தனை வோல்ட் என்று பார்த்து வாங்குங்கள்.