நன்றி நோட்டும் பனங்கொட்டைப் பாத்தியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொண்டிப் பக்கம் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. தடைக்காலம் முடிந்து ஜூன் 15ல் கடலுக்குப் போன விசைப்படகு, மூன்றாம் வாரமே எஞ்சின் போய்க் கரையில் நிற்கிறது. வீட்டுக்காரருக்கு அதில்தான் வேலை. மாமா பக்கவாதம் வந்து படுக்கையில். நகையெல்லாம் அடகில். மனசு தேற தினமும் மூன்று நல்ல விஷயம் எழுதச் சொன்னார்கள். வீடு, பிள்ளைகள், சோறு என்று எழுதினேன். நான்காம் நாளும் அதே மூன்றுதான். பொய் எழுதுவதுபோல் இருக்கிறது. நான் நன்றி கெட்டவளா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லவே இல்லை. தினமும் எழுதச் சொன்னதில் கோளாறு இருக்கலாம். 2003ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களைப் பத்து வாரம், வாரத்துக்கு ஒரு தடவைதான் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு மனம் தெளிந்தது. பிறகு சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தபோதும், வாரம் மூன்று தடவை எழுதியவர்களைவிட ஒரு தடவை எழுதியவர்களுக்கே பலன் தெரிந்தது. அடிக்கடி எழுதினால் அது ஒப்புக்குச் செய்யும் வேலையாகிவிடலாம்.

அதனால் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு மட்டும் எழுதுங்கள். ஒரே விஷயம், ஐந்து வரி. 'பிள்ளைகள்' என்று எழுதினால் மனசில் ஒன்றும் ஒட்டாது. 'செவ்வாய் சாயங்காலம் கொண்டல் வீசியது. மகன் கேட்காமலே மாமாவின் கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப் போட்டான். மாமா கண்ணை மூடிக்கொண்டு காற்றை வாங்கினார்' என்று எழுதுங்கள். கிழமை, ஆள், செய்த காரியம் மூன்றும் வந்தால் அடுத்த வாரம் அதே வரி வராது. வட்டி கட்டும் நாளில் நோட்டைத் தொட வேண்டாம். 'உன்னைவிடக் கஷ்டப்படுறவங்களைப் பாரு' என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்டும் எழுதாதீர்கள். அடுத்தவர் துயரத்தை அளவுகோலாக வைத்தால் பயம்தான் கூடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால் நோட்டு போதாது. 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

கைக்கும் ஒரு வேலை வேண்டும். காசு செலவில்லாமல், பிள்ளைகளும் கூடச் செய்ய, நம் மண்ணில் பனங்கொட்டைப் பாத்தியைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஆடி, ஆவணியில் பழம் விழும். ஐம்பது பழம் பொறுக்கினால், ஒரு பழத்துக்கு இரண்டு மூன்று கொட்டை என்று நூறுக்கு மேல் தேறும். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும்; லேசாக இருப்பதைக் கழித்துவிடுங்கள்.

நான்கடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு மணலைக் குவித்துச் சுற்றிலும் பனைமட்டையை அணை கொடுங்கள். உயரம் முக்கியம். முளை கீழ்நோக்கித்தான் இறங்கும். அதுதான் பனங்கிழங்காகும்; அடியில் இறுகிய தரை தட்டினால் கிழங்கு கோணிக் குட்டையாகிவிடும். கொட்டைகளை நெருக்கமாக ஒரே அடுக்காகப் பரப்பி, மறையும் அளவுக்கு மணல் போட்டு, மேலே ஓலையால் மூடுங்கள். மழை தொடங்கும்வரை மணல் காயாமல் தண்ணீர் தெளித்தால் போதும். ஐப்பசி மழையில் அடியில் தண்ணீர் நின்றால் அழுகும். ஓரமாக ஒரு வாய்க்கால் கீறிவிடுங்கள்.

இரண்டு மாதம் போனதும் ஒரு கொட்டையை எடுத்து அரிவாளால் பிளந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உள்ளே வெள்ளையாகப் பஞ்சுபோல் தவுன் இருக்கும். இனிக்கும். முளை அதைத் தின்றுதான் கிழங்காகிறது. அதனால் பிந்திப் பிளந்தால் தவுன் வற்றியிருக்கும். ஆசைக்கு நாலைந்து கொட்டையைத் தவுனுக்கு விட்டுவிடுங்கள், மிச்சம் கிழங்குக்கு.

பொங்கலையொட்டித் தோண்டலாம். தோலுரித்து, நுனியும் அடியும் நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு அவியுங்கள். மாமாவுக்கு விழுங்கச் சிரமம் இருந்தால் கிழங்கை அப்படியே கொடுக்க வேண்டாம், நார் தொண்டையில் சிக்கும். அவித்ததைக் காயவைத்து இடித்துச் சலித்த மாவில் கஞ்சி காய்ச்சலாம். எந்தப் பதம் அவருக்கு ஆகும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

கொட்டை பதித்த தேதியை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். மாசி தாண்டினால் குருத்து மேலே வந்து, கிழங்கு நாராகிவிடும்.