பதில்: சுனாமியில் சுயவிபரக் கோவை அழிந்தால் பழைய அரச சேவைக்காலம் போய்விடுமா?

அக்கா, வாற வருசம் 60 முடியுது, கல்முனையில் செய்த முதல் 6 வருச அரச சேவையின் சுயவிபரக் கோவை (உங்கட சேவை விபரங்கள் இருக்கிற அலுவலகக் கோப்பு) 2004 சுனாமியோடு போய்விட்டது, இப்போதைய அலுவலகத்தில் "அந்தக் காலத்தைச் சேர்க்கேலாது" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

பயப்படாதீங்கோ. 10 வருசச் சேவை இருந்தாலே ஓய்வூதிய உரித்து உண்டு, அது உங்களுக்கு எப்படியும் இருக்கு. ஆனால் சம்பளத்தில் எத்தனை வீதம் ஓய்வூதியமாக வரும் என்பதில் சேவைக்காலமும் பேசும், அந்த 6 வருசத்தை விட்டுக்கொடுக்காதீங்கோ.

முதல் வீட்டு அலுமாரியைக் கிளறுங்கோ. நியமனக் கடிதம், சேவையில் உறுதிப்படுத்திய கடிதம், பழைய சம்பளச் சிட்டைகள். சிட்டை மங்கியிருந்தாலும் எறிய வேண்டாம். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் கழித்த காசு அதில் தெரிந்தால், அந்த மாதம் நீங்கள் சம்பளப் பட்டியலில் இருந்ததற்கு அதுவே சாட்சி.

இடமாற்றக் கடிதம் கிடைத்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கோ. 'பிரதிகள்' என்று கீழே யார் யாருக்கு அனுப்பினது என்றிருக்கும். அங்கேயெல்லாம் எழுத்தில் கேளுங்கோ. அம்பாறைக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வரைக்கும் கடல் வரவில்லைத்தானே! வாய்ப்பேச்சு எடுபடாது, கையளித்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கோ.

பிறப்புச் சாட்சிப்பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றா என்பதையும் இப்பவே பாருங்கோ. சம்பளமற்ற விடுமுறை, இடர்கடன் (அவசரத் தேவைக்கு அலுவலகத்தால் எடுத்த கடன்) மீதி எல்லாம் நிர்வாகக் கிளையில் கேட்டால் தெரியும்.

ஓய்வூதிய விண்ணப்பம் அலுவலகத் தலைவர் ஊடாகத்தான் போகும், ஆகவே அவரிடம் இந்த 6 வருசக் கதையை முன்கூட்டியே சொல்லி வையுங்கோ. கடிதத்தில் யாருக்குப் பிரதி போயிருக்கு என்று இங்கே எழுதினால் அடுத்ததைச் சொல்கிறேன்.